கடலோரப் புல்வெளியும் கெத்தா மரமும்



சிம்பாங் அம்பாட்டுக்குத் தெற்கே, நிபோங் தெபால் பக்கத்தில் காலிடோனியா என்றொரு தோட்டம் உண்டு. முதலில் கரும்பு, பிறகு ரப்பர், அதன்பின் செம்பனை என்று அந்த வட்டாரத்தில் பயிர் மாறிக்கொண்டே வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. காலிடோனியா என்பது ஸ்காட்லாந்து நாட்டுக்கு ரோமானியர் வைத்த பழைய பெயர். தோட்டத்துப் பிள்ளைகளில் சிலர் இன்று மேற்படிப்புக்காக அந்த நாட்டுக்குப் போகிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோரும் இருக்கிறார்கள். அப்படிப் போகிறவர்கள் ஒரு நாளை ஒதுக்கிப் பார்த்து வரத்தக்க ஓர் இடத்தைப் பற்றி இன்று பேசுவோம். அது செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற சிறு கடற்கரை ஊர். கோல்ப் விளையாட்டின் தாய்வீடு என்று உலகம் அதைச் சொல்கிறது.

"கோல்ப் துரைமார் விளையாட்டாயிற்றே, அதைப் பார்ப்பதில் நமக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் தோட்டங்களில் கோல்ப் என்றால் வெள்ளைக்காரத் துரைகளின் கிளப்பும், மட்டைப் பையைச் சுமந்து பின்னால் நடந்த நம் பையன்களும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த விளையாட்டு பிறந்த மண்ணின் கதை வேறு.

கடலுக்கும் உழவு நிலத்துக்கும் இடையே கிடக்கும் மணல்மேட்டுப் புல்வெளியை ஸ்காட்லாந்து மக்கள் லிங்ஸ் என்பார்கள். கடல் பின்வாங்கியபோது விட்டுச் சென்ற மணல் அது. பயிருக்கு உதவாது. உப்புக் காற்றில் மரமும் வளராது. ஆடு மேயும், முயல் வளை தோண்டும், பெண்கள் துணி உலர்த்துவார்கள். மழை பெய்தாலும் மணல் நீரை உடனே உறிஞ்சிவிடும். ஆடு கடித்த புல் கட்டையாக நிற்கும். பந்து உருள்வதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? குளிர்காற்றுக்கு ஆடுகள் ஒதுங்கிப் படுத்த பள்ளங்களே பிற்காலத்தில் ஆட்டக்காரரைத் திணறடிக்கும் மணற்குழிகளாயின என்று சொல்வார்கள். நம் பத்து காவான் கரையோரம் சேறும் அலையாத்தி மரமுமாக இருப்பதால் அங்கே இத்தகைய திடல் தானாக உருவாக வழியில்லை. நம் பக்கத்துப் புக்கிட் ஜாவி போன்றவை உள்நாட்டில் மரம் திருத்தி அமைத்த திடல்களே.

1457ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து பார்லிமெண்டு கோல்ப் ஆட்டத்துக்குத் தடை போட்டது. மக்கள் வில் பயிற்சியை விட்டுவிட்டுப் பந்து அடிக்கப் போனார்கள் என்பதே காரணம். தடை போடும் அளவுக்குச் சாதாரண மக்களிடம் அது பரவியிருந்தது. 1552இல் அவ்வூர்ப் பேராயர் கொடுத்த சாசனம், லிங்ஸ் நிலத்தில் ஊர் மக்கள் விளையாடும் உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டது. 1754இல் இருபத்திரண்டு பிரபுக்களும் கனவான்களும் கூடித் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டார்கள். 1764இல் அவர்கள் இருபத்திரண்டு குழி ஆட்டத்தைப் பதினெட்டாகக் குறைத்தார்கள். இன்று உலகமெங்கும் பதினெட்டுக் குழி இருப்பதற்கு அதுவே மூலம்.

1797இல் கடன்பட்ட நகராட்சியின் கையிலிருந்து அந்த நிலம் தனியாரிடம் போயிற்று. வாங்கியவர்கள் முயல் பண்ணைக்கு அதை விட்டார்கள். திடலெங்கும் வளை. ஊர் மக்களும் ஆட்டக்காரர்களும் விடவில்லை. நீதிமன்றம் வரை போய்ப் பல ஆண்டுகள் வழக்காடினார்கள். 1821இல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் அதை வாங்கி ஆட்டத்தைக் காப்பாற்றினார். 1894இல் பார்லிமெண்டு சட்டத்தின் வழியாக நிலம் மறுபடி ஊருக்கே வந்து சேர்ந்தது. பழைய சாசனம் கையில் இருந்ததால் மக்களின் வாதத்துக்கு வலு இருந்தது.

நேயர்களே, காலுக்கடியில் இருக்கும் நிலம் கைமாறுவது என்றால் என்னவென்று தோட்டக் குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையோடு லயமும் போயிற்று. பந்தாடிய திடலும், கோயிலும்கூடப் பல இடங்களில் போயின. அந்த வேளையில்தான் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பணத்தில் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. இரண்டு கதைகளுக்கும் நாடு வேறு, காலம் வேறு. நிலத்தின் மீது மக்களுக்குள்ள உரிமை எழுத்திலும் கணக்கிலும் ஏற வேண்டும் என்ற பாடம் மட்டும் ஒன்றே.

இனிப் பந்தின் கதைக்கு வருவோம். பழைய பந்து தோலுக்குள் வாத்து இறகை அடைத்துத் தைத்தது. தேர்ந்த தொழிலாளியாலும் ஒரு நாளில் மூன்று நான்குக்கு மேல் செய்ய முடியாது. அதனால் விலை அதிகம். மழையில் நனைந்தால் பிய்ந்துபோகும். 1840களில் இந்த நிலையை மாற்றியது நம் மலாயாக் காட்டு மரம் ஒன்று. கெத்தா என்றால் மலாய் மொழியில் மரப்பால் என்பது உங்களுக்குத் தெரியும். கெத்தா பெர்ச்சா என்ற பாலைக் கொண்டு மலாய் மக்கள் கத்திகளுக்குப் பிடி செய்வதைச் சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மாண்ட்கோமரி கவனித்து, 1843இல் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும் பொருள் அது. அதை உருட்டிப் பந்து செய்தார்கள். பந்தின் விலை சரிந்தது. உடைந்தால் மீண்டும் இளக்கி உருட்டலாம். அதன் பிறகு ஏழைத் தொழிலாளியும் எளிதாகக் கோல்ப் ஆட முடிந்தது.

ஆனால் இந்த மரத்தை நம் ரப்பர் மரம்போலக் கோடு கிழித்துத் தினமும் பால் வெட்ட முடியாது. பால் உடனே உறைந்துவிடும். எனவே மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு மரத்தில் கிடைத்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக அந்தப் பால்தான் வேண்டியிருந்தது. 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குப் போட்ட கம்பிக்கும் அதுவே உறை. கேட்டவர்கள் பலர், மரமோ சில. காடு காடாக அழிந்தது.

1898இல் அமெரிக்கர் கோபர்ன் ஹாஸ்கெல், ரப்பர் நூலை இறுக்கிச் சுற்றிப் புதிய பந்து செய்தார். 1902இல் சாண்டி ஹெர்ட் என்பவர் அந்தப் பந்தால் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் வென்றார். தொடக்கத்தில் ரப்பர் பிரேசில் காட்டிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் போயிற்று. 1914க்குள் தோட்ட ரப்பர் அதை முந்திவிட்டது. விடியுமுன் எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நம் தாத்தா பாட்டிமார் மங்கில் சேர்த்த பால் டயருக்கு மட்டும் போகவில்லை, இத்தகைய பந்துக்கும் போயிற்று. 2000ஆம் ஆண்டுக்குப் பின் செயற்கை ரப்பர் பந்துகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

சரி, அங்கே போவது எப்படி? எடின்பரோவிலிருந்து லூக்கர்ஸ் நிலையம் வரை ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பிறகு பஸ். செயின்ட் ஆண்ட்ரூஸுக்கே போன ரயில் பாதை 1969இல் மூடப்பட்டது. பழைய திடலில் ஆடுவதற்குத் தகுதிச் சான்றும், கட்டணமும், பெயரைச் சீட்டுக் குலுக்கலில் கொடுக்கும் பொறுமையும் வேண்டும். நடந்து பார்க்க எதுவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும் போட்டி நாட்கள் தவிர அங்கே ஆட்டம் கிடையாது. ஊர் மக்கள் பிள்ளைகளோடும் நாய்களோடும் உலாவுவார்கள். நீங்களும் அந்த நாளில் போங்கள். காற்று உடலைத் துளைக்கும், கம்பளிச் சட்டையை மறக்க வேண்டாம். ஓடையின் மேலுள்ள சிறு கற்பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே 1867இல் தோன்றிய பெண்கள் சங்கத்தின் மேடுபள்ளப் புல்வெளி இருக்கிறது. அதன் பெயர் இமாலயா! சிறு கட்டணத்தில் குழந்தைகளும் அங்கே பந்தை உருட்டலாம். 1754இல் தோன்றிய ஆண்கள் சங்கமோ 2014இல்தான் பெண்களை உறுப்பினராக ஏற்க முடிவெடுத்தது.

ஊருக்குள் மெட்ராஸ் கல்லூரி என்றொரு உயர்நிலைப் பள்ளியும் உண்டு. வியப்பாக இருக்கிறதா? அவ்வூரில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்பவர் சென்னை எழும்பூரில் அநாதைப் பள்ளியை நடத்தியபோது, நம் நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டார். மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அங்கே வளர்த்து, அதை மெட்ராஸ் முறை என்றே உலகுக்குத் தந்தார். அவர் விட்டுச் சென்ற செல்வத்தில் 1833இல் அப்பள்ளி எழுந்தது.

மலேசியாவில் எம். ராமையா, பி. குணசேகரன் போன்ற தமிழர்கள் தொழில்முறை கோல்ப் ஆட்டக்காரர்களாகப் பெயர் பெற்றார்கள். பை சுமப்பதோடு நம் பங்கு முடிந்துவிடவில்லை என்பதற்கு அவர்களே சான்று. ஆகவே அந்தப் புல்வெளியில் கால் வைக்கும்போது அந்நிய வீட்டு வாசலில் நிற்பதாகக் கூச வேண்டாம். அங்கே உருண்ட பந்தில் நம் காட்டு மரத்தின் உயிர் உண்டு. நம்மவர் வெட்டிய பாலும் உண்டு. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.