சாயவேரும் மறைபொருளும்
சோழமண்டலக் கைவினைஞரும் அவரை வினவியோரும்

நிலமும் பொன்னும் இல்லாத கைவினைஞனுக்குத் தந்தைவழி வந்த தொழில்நுட்பமே முதுசொம் ஆகும். அம்முதுசொத்தைப் பிறனொருவன் வந்து, விலை பேசாது, வெறும் வினாவினாற் பெற முயலும்போது அவன் யாது செய்தல் வேண்டும்? வாய் திறவாதிருப்பதா, பாதி கூறி மீதியை மறைப்பதா, கேட்டதனைத்தையும் கூறிவிடுவதா? பதினெட்டாம் நூற்றாண்டிலே சோழமண்டலக் கரையிற் சீலைக்குச் சாயமெழுதியோர் இவ்வினாவை நேர்நின்று எதிர்கொண்டனர். அவர்கள் அளித்த விடையும் அதன் விளைவும் ஈழத்து வடபுலத்தோடும் தொடர்புடையன ஆதலின், அவ்வரலாறு நம்மவராற் சிறப்பாக நோக்கற்பாலது.

1742ஆம் ஆண்டு சனவரி 18ஆம் திகதி, கேர்தூ என்னும் பிரெஞ்சு யேசுசபைக் குரவர், பாரிசிலிருந்த டூ ஆல்ட் என்னும் குரவருக்கு நீண்ட கடிதமொன்றை எழுதினார். கேர்தூ 1732இல் இந்தியாவுக்கு வந்தவர். வடமொழிக்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்குமிடையே காணப்படும் உறவினைப் பிற்காலத்தில் எடுத்துக்காட்டியமையால் மொழியியலாராலும் அறியப்பட்டவர். ஆயின் இக்கடிதத்தின் பொருள் மொழியன்று. இந்தியர் தம் சீலைகளுக்கு எவ்வாறு நிறமூட்டுகின்றனர் என்பதே. கடுக்காய், சாயவேர் முதலியவற்றை அவர் தமிழ்ப் பெயர்களாலேயே குறித்தார். மறு ஆண்டே அக்கடிதம் யேசுசபையாரின் கடிதத் தொகுதியில் அச்சேறி ஐரோப்பாவெங்கும் படிக்கப்பட்டது.

ஐரோப்பியர் இதனை அறிய இத்துணை ஆவல் கொண்டமைக்குக் காரணம் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியிற் கீழைத்தேயக் கம்பனிகள் கொண்டுசென்ற வண்ணச் சீலைகள் அங்குள்ள மக்களின் மனத்தைக் கவர்ந்தன. துவைக்கத் துவைக்க மங்காத சிவப்பையும் நீலத்தையும் பருத்தித் துணியிலே அவர்கள் முன்னர்க் கண்டிலர். உள்ளூர் நெசவாளரின் முறையீட்டினாற் பிரான்சு 1686இல் இச்சீலைகளைத் தடைசெய்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்தும் 1700ஆம், 1721ஆம் ஆண்டுகளிற் சட்டங்களை இயற்றிற்று. தடையினால் ஆவல் தணிந்திலது. வாங்க முடியாத பொருளைத் தாமே செய்துகொள்ளும் எண்ணமே வளர்ந்தது.

வினவ வந்தோரிற் கேர்தூ முதல்வர் அல்லர். பிரெஞ்சுக் கம்பனியின் அலுவலரான ஜோர்ஜ் றொக் 1678ஆம் ஆண்டளவில் அகமதாபாத் முதலிய வடபுல நகர்களின் அச்சுச்சீலைத் தொழில்பற்றி எழுதிவைத்தார். 1730களிற் கப்பல் அதிகாரியான போலியூ, டூ பே என்னும் இரசாயன அறிஞரின் வேண்டுகோளுக்கிணங்கப் புதுச்சேரியிலே சீலையெழுதும் முறையைப் படிப்படியாகக் குறித்தார். ஒவ்வொரு படியிலும் துணியின் ஒரு துண்டைத் தம் குறிப்போடு சேர்த்தார். துண்டுகளோடு கூடிய அக்கையெழுத்துப்படி பாரிசு இயற்கை வரலாற்று நூதனசாலையிலே பேணப்பட்டு வருகின்றது.

கேர்தூவின் வழி வேறு. அவர் வினவியோர் அண்மையில் அவரிடமே ஞானஸ்நானம் பெற்ற சாயத்தொழிலாளர். அவர்களை வெவ்வேறு வேளைகளில் தனித்தனியே வினவி, விடைகளை ஒப்புநோக்கியே தாம் எழுதியதாக அவர் கூறுகின்றார். இம்முறை இரண்டு செய்திகளை உணர்த்துகின்றது. வினவியவர் ஒருவர் சொல்லை மட்டும் நம்பவில்லை என்பது ஒன்று. விடையளித்தோருக்கும் வினவியவருக்கும் இடையிலிருந்த உறவு வணிகனுக்கும் தொழிலாளிக்கும் உள்ள உறவன்று, குருவுக்கும் சீடனுக்கும் உள்ள உறவு என்பது மற்றொன்று. வணிகனிடம் வாய் திறவாதவனும் குருவினிடம் மறுத்துரைத்தல் அரிது.

அவர்கள் கூறியதன் சாரம் வருமாறு. வெளுத்த துணியைக் கடுக்காய் அரைத்துக் கலந்த எருமைப்பாலில் ஊறவைத்து உலர்த்துவர். பின்னர் மரக்கட்டையால் அடித்து மழமழப்பாக்குவர். தாளில் வரைந்த கோலத்தை ஊசியாற் குத்தி, அத்துளைகளினூடே கரித்தூளைத் தட்டித் துணியிற் படிய வைப்பர். கறுப்புக்குரிய கோடுகளை இரும்பு ஊறிய புளித்த நீரினாலும், சிவப்புக்குரியவற்றைப் படிகார நீரினாலும் மூங்கிற் கோல்கொண்டு எழுதுவர். கடுக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து உடனே கறுக்கும். படிகாரக் கோடோ சாயவேர் இட்டுக் காய்ச்சிய நீரிலே துணியை அமிழ்த்திய பின்னரே சிவக்கும். நீலம் வேண்டாத இடங்களை மெழுகினால் மூடி, அவுரித் தொட்டியில் இடுவர். இறுதியில் ஆட்டுச் சாணம் கலந்த நீரில் நனைத்து, வெயிலில் உலர்த்த, வேண்டாத செம்மை நீங்கித் துணியின் வெண்மை மீளும்.

இச்செய்முறை முழுவதும் வெளிப்பட்டபின் தொழிலின் மறைபொருள் யாது எஞ்சியது என்ற வினா எழுகின்றது. எஞ்சியவை பல என்றே கூறல் வேண்டும். முதலாவதாக, தொழில் ஒருவர் கையில் இருந்திலது. சீலையெழுதுவோர் நீலச்சாயம் இடுவதில்லை. மெழுகிட்ட துணியை அவுரித் தொழிலாளரிடமே ஒப்படைத்தனர். ஆகவே எழுதுவோனை எத்துணை வினவினும் அவுரித் தொட்டியின் பக்குவம் அவன் வாயினின்று முழுமையாக வராது. வேலைப் பிரிவினையே மறைபொருளுக்குக் காவலாயிற்று. இரண்டாவதாக, நிறம் நீரைப் பொறுத்தது. சில கிணறுகளின் கடுஞ்சுவை நீரே சிவப்புக்கு ஏற்றதெனக் கேர்தூவும் குறித்துள்ளார். அந்நீரைக் கடிதத்தில் அனுப்புதல் இயலாது.

மூன்றாவதும் முதன்மையானதும் வேர். சாயவேர் மணற்பாங்கான கரையோரங்களில் வளரும் சிறு பூண்டின் வேராகும். சிவப்பைத் தருவது அதிலுள்ள அலிசரின் என்னும் பொருள் எனவும், அது படிகாரத்தோடும் சுண்ணாம்புச் சத்தோடும் சேரும்போதே நிலைத்த செந்நிறமாகின்றது எனவும் பிற்கால இரசாயனவியல் காட்டிற்று. கிருட்டிணை ஆற்றுக் கழிமுகத்து மணலிலும், இலங்கையின் மன்னார், யாழ்ப்பாணக் கரையோர மணலிலும் கிடைத்த வேர் பெரிதும் விரும்பப்பட்டது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் சாயவேரைத் தம் தனியுரிமைப் பொருளாக்கினர். அதனைக் கிண்டிக் கொடுக்கும் கடமையைக் குறிப்பிட்ட குடிகள்மீது சுமத்தினர். சோழமண்டலக் கரைக்கு ஏற்றுமதியும் செய்தனர். 1697இல் யாழ்ப்பாணத் தளபதி சுவார்டெக்ரூன் எழுதிவைத்த நிருவாகக் குறிப்புகளிலும் சாயவேர் இடம்பெறுகின்றது.

ஈண்டு ஒரு வேறுபாடு நுனித்து நோக்கற்குரியது. ஒல்லாந்தக் கம்பனி சாயமிடும் முறையை வினவி நின்றிலது. வேரையே தன் பிடியிற் கொண்டது. எழுதுவோனின் கைத்திறம் அவனிடமே இருந்தது. ஆயினும் அத்திறத்துக்கு வேண்டிய மூலப்பொருளின் விலையைப் பிறர் வகுத்தனர். மறைபொருளைக் காத்தவன் தன் தொழிலையும் காத்தான் எனக் கொள்வது பொருந்தாது என்பதற்கு இதுவே தக்க சான்று.

ஏனைய நாடுகளின் வரலாறும் இதனையே வலியுறுத்துகின்றது. வெனிசு அரசு 1291இல் கண்ணாடி உலைகளை முறானோத் தீவுக்கு மாற்றிற்று. கைவினைஞர் வெளியேறுவதைச் சட்டத்தாற் கட்டுப்படுத்திற்று. எனினும் 1665ஆம் ஆண்டளவிற் பிரெஞ்சு அமைச்சர் கொல்பேர் தொடங்கிய கண்ணாடித் தொழிற்சாலைக்கு அத்தீவின் தொழிலாளரே வரவழைக்கப்பட்டனர். சட்டம் வாயை அடைத்தது. கூலி காலை நகர்த்தியது. சீனாவின் சிங்தெசென் நகரிலோ தான்றகோல் என்னும் யேசுசபைக் குரவர், மண்பாண்டத் தொழில் புரிந்த கிறித்தவர்வழி வெண்களிமண் பாண்டத்தின் செய்முறையை அறிந்து 1712இலும் 1722இலும் எழுதினார். ஆயினும் பிரான்சிலே அதற்குரிய வெண்களிமண் 1768இலேயே கண்டெடுக்கப்பட்டது. மண் கிடைக்கும்வரை எழுத்து பயனளிக்கவில்லை.

சோழமண்டலச் செய்தியும் இதனை ஒத்ததே. கேர்தூவின் கடிதமே இந்தியச் சீலைத்தொழிலை வீழ்த்தியது எனக் கூறுவோர் உளராயின் அவர் கூற்று வரலாற்றுக்கு முரணாகும். அக்கடிதத்துக்கு முன்னரே, பதினேழாம் நூற்றாண்டிலேயே, மார்செயிலிலும் ஒல்லாந்திலும் துணிக்கு அச்சிடும் பட்டறைகள் தோன்றிவிட்டன. ஐரோப்பியர் சாயவேரை நாடாது, மஞ்சிட்டிக்கு இனமான மடர் வேரைத் தம் நிலத்திலேயே பயிரிட்டனர். கோலால் எழுதுவதை விடுத்து, பிசின் சேர்த்துத் தடிப்பாக்கிய படிகாரத்தை மரஅச்சினாற் பதித்தனர். 1752இல் அயர்லாந்திற் செப்புத்தகட்டு அச்சும், 1783இல் தோமசு பெல்லின் உருளை அச்சும் வந்தன. 1868இல் கிரேபே, லீபர்மான் என்னும் செருமானிய அறிஞர் அலிசரினைச் செயற்கையாக ஆக்கினர். அதன்பின் மடருக்கும் சாயவேருக்கும் சந்தையில் இடமில்லாது போயிற்று. ஆக, தொழிலை வீழ்த்தியவை பொறியும் மூலதனமும் அரசியல் ஆதிக்கமுமே. வாயினின்று வெளிப்பட்ட செய்முறை அவற்றுக்குச் சிறு துணையாகவே அமைந்தது.

ஆயின், கூறியதனாற் கேடில்லை என்று அமைதிகொள்ளவும் இடமில்லை. விடையளித்தோர் பெற்ற நிலையை நோக்கின் இது புலனாகும். அக்காலச் சாயத்தொழிலாளரும் நெசவாளரும் வணிகரிடம் முன்பணம் பெற்றே தொழில் செய்தனர். முன்பணம் பெற்றவன் தன் பொருளுக்குத் தானே விலை கூற இயலாதவன். அத்தகையோன் தன் அறிவுக்கு விலை கூறுதல் எங்ஙனம்? கேர்தூ தம் நாட்டுக்குப் பயன்படும் என்ற நோக்கோடு எழுதினார்; அவர் மறைத்துச் செய்தது எதுவுமில்லை. ஆனால் அப்பயனில் விடையளித்தோர்க்குப் பங்குண்டா என்ற வினாவை அக்காலத்தோர் எவரும் எழுப்பவில்லை. கேட்டவரின் பெயர் நூல்களில் நிலைத்தது. கூறியவர்களின் பெயர்களை அக்கடிதம் தாங்கி நிற்கவில்லை. கேர்தூவின் குறிப்புகளைத் தம் குறிப்புகளோடு ஒப்பிட்டு மேலும் வினா எழுப்பிய புவாவ்ர் என்பவரே, பின்னர் 1770களின் தொடக்கத்தில், ஒல்லாந்தர் காத்துவந்த சாதிக்காய், கராம்புக் கன்றுகளை மொரீசியசுத் தீவுக்குக் கடத்துவித்தார் என்பதும் நினைவுகொள்ளத்தக்கது. ஒல்லாந்தரிடம் காவற்கப்பல்கள் இருந்தன. சாயமெழுதுவோனிடம் இருந்தது அவன் மௌனம் மட்டுமே.

இவ்விடத்து வரலாற்றின் மறுபக்கமும் கூறப்படல் வேண்டும். 1950களில் சுவார்ட்சு என்னும் ஆய்வாளர் போலியூ, கேர்தூ முதலியோரின் குறிப்புகளை ஆராய்ந்து வெளியிட்டபோது, பழைய செய்முறையின் பல படிகளை அறிதற்கு அவையே சான்றாயின. வில்லியம் றொக்ஸ்பேர்க் 1795இல் வெளியிடத் தொடங்கிய சோழமண்டலத் தாவர நூலிலே சாயவேர்பற்றி எழுதியதும் அத்தகையதே. குடும்பத்துள் மட்டும் காக்கப்படும் நுட்பம், அக்குடும்பம் தொழிலைக் கைவிடும் நாளிலே மறையும். கூறப்பட்டமையால் எஞ்சியது, கூறாதிருந்தால் அழிந்திருக்கும் என்பதையும் நடுநிலையாளர் ஏற்றல் வேண்டும்.

எனவே கைவினைஞன் தன் நுட்பத்தைக் கூறலாமா கூடாதா என்று மட்டும் வினவுதல் நிறைவான ஆய்வாகாது. எவர் கேட்கின்றார், எதற்காகக் கேட்கின்றார், மறுக்கும் உரிமை அவனுக்கு உண்டா, விளையும் பயனில் அவனுக்குப் பங்குண்டா என்பனவே உடன் ஆராயப்படல் வேண்டும். இந்தியா 1999இல் இயற்றிய புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ் இன்று ஸ்ரீகாளத்திக் கலங்காரிச் சீலை பதிவு பெற்றுள்ளது. அச்சட்டம் செய்முறையை மறைப்பதில்லை. ஊரின் பெயரையும் அவ்வூர்த் தொழிலையும் பிணைத்துக் காக்கின்றது. 1742இல் விடையளித்தோர்க்கு அத்தகைய காவல் எதுவும் இருந்திலது. அவர்கள் எழுதிய சீலைகளோ இலண்டன், பாரிசு நூதனசாலைகளில் இன்றும் நிறம் மங்காது விளங்குகின்றன. அச்சீலைகளின் கீழே இடம்பெறவேண்டிய பெயர்கள் மட்டும் வெற்றிடமாகவே உள்ளன.