கென்யாவில் பாலியல் தொழில்

கென்யாவில் பாலியல் தொழில் என்பது கிழக்கு ஆப்பிரிக்க நாடான கென்யாவில் பணத்திற்காக நடைபெறும் பாலுறவுத் தொழிலையும் அதன் சட்ட, சமூக நிலைமைகளையும் குறிக்கும். பாலுறவை விற்பதை நாட்டின் தண்டனைச் சட்டம் நேரடியாகக் குற்றமென வரையறுக்கவில்லை. எனினும் அதனைச் சார்ந்த செயல்கள் பல தண்டனைக்குரியவை என்பதால், இத்தொழிலில் உள்ள பெண்கள் நடைமுறையில் குற்றவாளிகளாகவே நடத்தப்படுகின்றனர்.

வரலாறு

நைரோபி 1899 இல் தொடர்வண்டிப் பாதைப் பணிகளுக்கான தளமாகத் தோன்றியது. பிரித்தானியக் குடியேற்ற அரசு ஆப்பிரிக்க ஆண்களைக் கூலியாட்களாக நகருக்குக் கொணர்ந்தது. குடும்பத்துடன் வாழப் போதிய ஊதியமோ உறைவிடமோ அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இச்சூழலில் பாலியல் தொழில் வளர்ந்தது.

வரலாற்றாசிரியர் லூயிசு வைட் 1990 இல் வெளியிட்ட ஆய்வுநூலில் மூன்று முறைகளைக் குறிப்பிடுகிறார்:

- வத்தெம்பேசி: தெருவில் நடந்து வாடிக்கையாளரைத் தேடியோர்.
- மலாயா: தம் அறையிலேயே இருந்து உணவு, தேநீர், குளிக்க நீர் ஆகியவற்றையும் அளித்தோர்.
- வாசிவாசி: வீட்டு வாயிலில் அமர்ந்து வெளிப்படையாக அழைத்தோர்.

மலாயா முறையினருள் சிலர் பங்கானி, பும்வானி ஆகிய குடியிருப்புகளில் வீட்டுரிமையாளர் ஆயினர். வாசிவாசி முறையினர் பலர் தம் வருவாயை ஊரிலுள்ள குடும்பத்திற்கு அனுப்பினர்.

சட்டநிலை

பிறருடைய பாலியல் தொழில் வருவாயில் வாழ்வது தண்டனைச் சட்டத்தின் 153, 154 ஆம் பிரிவுகளின்படி குற்றமாகும். விடுதி நடத்துவதும் குற்றமாகும். இத்தொழிலுக்காகத் தெருவில் நிற்பதை நைரோபி நகர விதிகள் தடை செய்துள்ளன. இதனால் கைது செய்யப்படுவோர் பெரும்பாலும் பெண்களே. வாடிக்கையாளர் அரிதாகவே பிடிபடுகின்றனர். கைதுக்கு அஞ்சுவதால், வன்முறைக்கு உள்ளாகும் பெண்கள் காவல்துறையிடம் முறையிடத் தயங்குகின்றனர்.

சிறுவர் சுரண்டல்

மொம்பாசா, மலிந்தி, டியானி முதலிய கடற்கரைப் பகுதிகளில் 10,000 முதல் 15,000 வரையான சிறுமியர் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாகியிருந்ததாக யுனிசெப்பும் கென்ய அரசும் 2006 இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. அவர்களைப் பயன்படுத்தியோருள் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் மட்டுமன்றி உள்நாட்டு ஆண்களும் இருந்தனர். அதே ஆண்டில் இயற்றப்பட்ட பாலியல் குற்றங்கள் சட்டம் சிறுவர் பாலியல் சுற்றுலாவைத் தனிக் குற்றமாக்கியது.

உடல்நலம்

பும்வானிப் பகுதியில் பாலியல் தொழிலாளர்களிடையே 1980களில் தொடங்கிய எய்ட்சு ஆய்வில் நைரோபி, மனித்தோபா பல்கலைக்கழகங்கள் இணைந்து ஈடுபட்டன. பல ஆண்டுகள் எச்.ஐ.வி. தீநுண்மிக்கு ஆளாகும் நிலையிலிருந்தும் சில பெண்கள் தொற்றுக்கு உள்ளாகாதது கண்டறியப்பட்டது. உலகளாவிய தடுப்பு மருந்து ஆய்வுகளுக்கு இது வழிகாட்டியது.