மூன்று மன்றங்களுக்கு நடுவே: வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 18

உச்ச நீதிமன்றத்தில் பாதகமான தீர்ப்பு வந்தால் எல்லாம் முடிந்துவிட்டதெனச் சோர்வதும், நாடாளுமன்றத்தில் சாதகமான திருத்தம் நிறைவேறினால் எல்லாம் கிடைத்துவிட்டதென ஓய்வதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டன. அரசமைப்புச் சட்டம் வழங்கும் உரிமைகளின் வரலாறு இவ்விரண்டையும் பொய்ப்பிக்கிறது. நீதிமன்றம், நாடாளுமன்றம், மக்கள் மன்றம் ஆகிய மூன்றுக்கும் இடையே ஓர் உரிமை ஓயாது பந்தாடப்படுகிறது. ஒரு மன்றத்தில் இழந்ததை இன்னொன்றில் மீட்க முடியும். மீட்டதை மூன்றாவதில் மீண்டும் இழக்கவும் கூடும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் (வன்கொடுமைத் தடுப்பு) சட்டத்தின் 18ஆம் பிரிவு கடந்துவந்த பாதை இதற்குத் தெளிவான சான்று. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு முன்பிணை இல்லை என்று கூறும் பிரிவு அது.

முன்னோடி: 1951

இந்தப் போக்கு குடியரசின் தொடக்க நாள்களிலேயே தமிழ் மண்ணிலிருந்து எழுந்தது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணைப்படி, கல்லூரி இடங்கள் ஒவ்வொரு 14க்கும், பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 எனப் பகிரப்பட்டன. செண்பகம் துரைராசன் வழக்கில், 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றம் இந்த ஆணை செல்லாது என்றது. நலிந்த பிரிவினரின் கல்வி நலனை வலியுறுத்தும் 46ஆம் உறுப்பு வெறும் வழிகாட்டு நெறி என்றும், அடிப்படை உரிமைக்கு அது கீழ்ப்பட்டது என்றும் கூறியது.

சென்னை மாகாணத்தில் பெரியார் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. அண்ணல் அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்த அந்நாளிலேயே, அதே ஆண்டு சூன் மாதத்தில் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் 15(4) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. இன்று நாடெங்கும் கல்வியில் நடைமுறையிலுள்ள இடஒதுக்கீட்டுக்கு அதுவே அடித்தளம். தீர்ப்பு வந்து மூன்று மாதங்கள்கூட நிறைவடைவதற்குள் இவையனைத்தும் நடந்து முடிந்தன.

பிரிவு 18 ஏன் தேவைப்பட்டது?

தீண்டாமையை ஒழித்த 17ஆம் உறுப்பைச் செயல்படுத்த 1955இல் தீண்டாமை (குற்றங்கள்) சட்டம் வந்தது. 1976இல் அது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. கிணறு, கோயில், தேநீர்க்கடை ஆகியவற்றில் மறுக்கப்படும் நுழைவை அச்சட்டம் குறிவைத்தது. ஆனால் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதையோ, 1985இல் ஆந்திரத்தின் காரம்சேடுவில் தலித்துகள் வேட்டையாடப்பட்டதையோ எதிர்கொள்ளும் வலிமை அதற்கு இல்லை. கூலி உயர்வு கேட்டதற்காகவும் தன்மானத்தோடு நிமிர்ந்ததற்காகவும் தண்டிக்கும் வன்முறை அது. அதற்கென ஒரு தனிச் சட்டம் வேண்டும் என்ற போராட்டங்களின் விளைவாக 1989ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்து, 1990 சனவரி 30 அன்று நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தின் 18ஆம் பிரிவு, முன்பிணை குறித்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 438ஆம் பிரிவு இக்குற்றங்களுக்குப் பொருந்தாது என்றது. காரணம் எளியது. புகார் கொடுத்தவர் சேரியில் வாழ்கிறார். குற்றஞ்சாட்டப்பட்டவர் ஊரில் வாழ்கிறார். புகார்தாரரின் கூலியும், அவர் நடக்கும் பாதையும், பல இடங்களில் அவர் குடியிருக்கும் மனைகூட ஊரின் பிடியில் இருக்கின்றன. முன்பிணையோடு ஊருக்குள் நடமாடும் ஒருவர் சாட்சிகளைத் தொட வேண்டியதில்லை. அவர் தெருவில் நடப்பதே போதும்.

இந்த உண்மையை உச்ச நீதிமன்றமே ஒரு காலத்தில் ஏற்றது. மத்தியப் பிரதேச அரசு எதிர் ராம்கிருஷ்ண பலோதியா வழக்கில், 1995இல் பிரிவு 18 செல்லும் என்று தீர்ப்பளித்தது. இக்குற்றங்கள் தீண்டாமையிலிருந்து பிறப்பவை, எனவே தனி வகையைச் சேர்ந்தவை. முன்பிணை 21ஆம் உறுப்பின் பிரிக்க முடியாத கூறு அன்று. அதனைப் பெற்றவர்கள் பாதிக்கப்பட்டோரை அச்சுறுத்தும் வாய்ப்பு உண்டு என்பன அதன் காரணங்கள்.

2018: நீதிமன்றம் சட்டம் எழுதியபோது

2018 மார்ச் 20 அன்று, சுபாஷ் காசிநாத் மகாஜன் எதிர் மகாராட்டிர அரசு வழக்கில், நீதிபதிகள் ஆதர்ஷ் குமார் கோயல், உதய் உமேஷ் லலித் ஆகியோர் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. அரசு அதிகாரி ஒருவர் தம்மீதான வழக்கை நீக்கக் கோரிய மேல்முறையீடு அது. நீதிமன்றம் அந்த எல்லையைக் கடந்து, சட்டம் 'தவறாகப் பயன்படுத்தப்படுகிறது' என்ற பொதுக் கேள்விக்குள் நுழைந்து, நாடு முழுமைக்கும் கட்டளைகள் பிறப்பித்தது. அரசு ஊழியரைக் கைதுசெய்ய அவரை நியமித்த அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். மற்றவர்களைக் கைதுசெய்ய மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் ஒப்புதல் வேண்டும். முதல் தகவல் அறிக்கைக்கு முன்பே துணைக் காவல் கண்காணிப்பாளர் பூர்வாங்க விசாரணை நடத்தலாம். முகாந்திரம் இல்லையெனத் தெரிந்தாலோ, புகார் கெட்ட நோக்கமுடையது எனத் தெரிந்தாலோ முன்பிணைக்குத் தடையில்லை.

தீர்ப்பு சுட்டிய புள்ளிவிவரங்களை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். 2015இல் நீதிமன்றங்கள் முடித்த 15,638 வழக்குகளில் 11,024 விடுதலையிலோ விடுவிப்பிலோ முடிந்தன; 495 திரும்பப் பெறப்பட்டன; 4,119 வழக்குகளில் மட்டுமே தண்டனை. இந்த எண்கள் பொய்ப் புகாரின் அளவைக் காட்டுவதாகக் கொள்வது பிழை. விடுதலை வேறு, பொய் வேறு. விசாரணை அதிகாரி துணைக் கண்காணிப்பாளருக்குக் குறையாத நிலையில் இருக்க வேண்டும் என்கிறது 1995ஆம் ஆண்டு விதிகளின் 7ஆம் விதி. அந்த ஒரு விதி மீறப்பட்டாலே வழக்கு ஆட்டம் காண்கிறது. சாதிச் சான்றிதழ் கோப்பில் சேராததாலும், சாட்சிகள் ஆண்டுக்கணக்கில் அலைக்கழிந்து பிறழ்வதாலும் வழக்குகள் சரிகின்றன. அரசின் தோல்வியைப் பாதிக்கப்பட்டவரின் பொய்யாகக் கணக்கெழுதியதே அத்தீர்ப்பின் அடிப்படைக் குறை.

ஏப்ரல் 2 முதல் 18அ வரை

தீர்ப்பு வந்த 13ஆம் நாள், 2018 ஏப்ரல் 2 அன்று, தலித் அமைப்புகளின் அழைப்பில் பாரத் பந்த் நடந்தது. பெரிய தேசியக் கட்சி எதுவும் முன்னின்று நடத்திய போராட்டம் அன்று அது. மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், இராசத்தான் ஆகிய மாநிலங்களில் உயிர்கள் பறிபோயின. தொடர்ந்து பல ஆண்டுகள் இளைஞர்கள் வழக்குகளைச் சுமந்தார்கள். நீதிமன்றத்தில் உறுதியாக வாதிடவில்லை என்ற விமர்சனத்துக்கு உள்ளாகியிருந்த ஒன்றிய அரசு, அதே நாளில் மறுசீராய்வு மனுவைத் தாக்கல் செய்தது. தீர்ப்பை நிறுத்திவைக்க நீதிமன்றம் மறுத்தது.

ஆகஸ்டு மாதம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றின. அது சேர்த்த 18அ பிரிவு மூன்று செய்திகளைச் சொல்கிறது: முதல் தகவல் அறிக்கைக்குப் பூர்வாங்க விசாரணை தேவையில்லை, கைதுக்கு எவருடைய ஒப்புதலும் தேவையில்லை, எந்த நீதிமன்றத்தின் தீர்ப்போ ஆணையோ எதுவாயினும் முன்பிணை பொருந்தாது.

2019 அக்டோபர் 1 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, மறுசீராய்வில் கைது ஒப்புதல், பூர்வாங்க விசாரணை ஆகியவை குறித்த கட்டளைகளைத் திரும்பப் பெற்றது. தவறான பயன்பாடு மனிதரின் குறை, அதற்குச் சாதி காரணமன்று என்றும், ஒரு வகுப்பினர் முழுவதையும் பொய்யர்களாகக் கருதுவது மனித மாண்புக்கு எதிரானது என்றும் கூறியது. 2020 பிப்ரவரி 10 அன்று பிருதிவிராஜ் சௌகான் வழக்கில் 18அ பிரிவு செல்லும் என்ற தீர்ப்பு வந்தது.

இந்த வரிசையை உற்று நோக்குவோம். தெரு நாடாளுமன்றத்தை அசைத்தது. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. நீதிமன்றம் தன் சொந்தக் கட்டளைகளையே விலக்கிக்கொண்டது. சட்டம் ஓர் எழுத்தும் மாறாமல் இருந்தும் 2018 மார்ச்சில் உரிமை சுருங்கியது. அதை மீட்கப் புதிதாக எழுத வேண்டியிருந்தது.

மிஞ்சிய இடுக்கு

ஆயினும் 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஓர் இடுக்கை விட்டுவைத்தது. புகாரைப் படித்த அளவில் குற்றத்துக்கான முகாந்திரம் தென்படாவிட்டால், முன்பிணைக்கான தடை பொருந்தாது என்றது. நீதிபதி இரவீந்திர பட் தனியே எழுதிய இசைவுத் தீர்ப்பில், இந்த வாய்ப்பு மிக அரிதாகவே பயன்பட வேண்டும், தாராளமாக வழங்கினால் நாடாளுமன்றத்தின் நோக்கமே சிதையும் என எச்சரித்தார். கீழமை நீதிமன்றங்களில் இன்று நடக்கும் போராட்டமெல்லாம் 'முகாந்திரம்' என்ற ஒரு சொல்லைச் சுற்றியே நடக்கிறது.

2020 நவம்பரில் இதேஷ் வர்மா வழக்கில், நிலத் தகராற்றில் எழுந்த வசைச்சொல், சாதியின் காரணமாகவே உதிர்ந்தது என நிறுவப்படாவிட்டால் குற்றமாகாது என உச்ச நீதிமன்றம் கூறியது. நான்கு சுவருக்குள் நடந்தது 'பொதுமக்கள் பார்வையில்' நடந்ததாகாது என்றது. அன்று முதல் எதிர்த்தரப்பு வழக்குரைஞர்கள் ஒவ்வொரு வன்கொடுமையையும் நிலத் தகராறு, வரப்புத் தகராறு, வாய்த்தகராறு என்று பெயர் மாற்றுகிறார்கள். நம் கிராமங்களில் நிலமும் சாதியும் வெவ்வேறா? தலித்தின் நிலத்தைப் பறிப்பதே தனிக் குற்றம் என இச்சட்டத்தின் 3(1)(எஃப்), 3(1)(ஜி) ஆகிய உட்பிரிவுகள் கூறுவது அவை வேறல்ல என்பதால்தான்.

மாறாக, 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் மகாராட்டிர வழக்கொன்றில் உயர் நீதிமன்றம் அளித்த முன்பிணையை நீக்கியது. சட்டமன்றத் தேர்தலில் தாங்கள் சொன்னபடி வாக்களிக்கவில்லை என்பதற்காக ஒரு தலித் குடும்பம் தாக்கப்பட்டதாகக் கூறும் வழக்கு அது. முன்பிணை மனுவைக் கேட்கும் நீதிமன்றம் சாட்சியத்தை எடைபோட்டுக் குட்டி விசாரணை நடத்தக் கூடாது என்று அத்தீர்ப்பு தெளிவாக்கியது. இந்த வாசகம் ஒவ்வொரு எதிர்மனுவிலும் இடம்பெற வேண்டும்.

புதிய நடைமுறைச் சட்டம்: வாசல் வேறு, ஆபத்து அதே

2024 சூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. முன்பிணை அதில் 482ஆம் பிரிவு. வன்கொடுமைச் சட்டம் 438 என்றே கூறுவதால் தடை நீங்கிவிட்டதென வாதிட இடமில்லை: நீக்கப்பட்ட சட்டத்தைக் குறிக்கும் சொல், அதன் இடத்தில் வந்த பிரிவைக் குறிக்கும் என்பது பொது உறுப்புரைகள் சட்டத்தின் 8ஆம் பிரிவு.

பெரிய ஆபத்து 173(3)இல் உள்ளது. மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவான தண்டனையுடைய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாள் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்கிறது அது. வன்கொடுமைச் சட்டத்தின் 3(1) பிரிவிலுள்ள குற்றங்களுக்கு உயர்ந்த தண்டனை ஐந்தாண்டு. 2018இல் நாடாளுமன்றம் மூடிய கதவை, 2023இல் அதே நாடாளுமன்றம் பொதுச் சட்டத்தின் வழியே திறந்துவிட்டதோ என்ற கேள்வி எழுகிறது. நம் விடை உறுதியானது: 18அ சிறப்புச் சட்டம், இச்சட்டத்தின் 20ஆம் பிரிவு பிற சட்டங்களை விஞ்சும் ஆற்றலை வழங்குகிறது, எனவே 173(3) இங்கே பொருந்தாது. ஆனால் காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். சீட்டைக் கொடுத்து, "விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்" என அனுப்பிவைப்பவரிடம் இந்த விடையை உடனே சொல்லத் தெரிந்தவர் ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும்.

நம் கையில் உள்ளவை

முதலாவது, 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த பிரிவு 15அ. பிணை உள்ளிட்ட ஒவ்வொரு நடவடிக்கை குறித்தும் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே அறிவிப்புத் தர வேண்டும். அவர் தரப்பைக் கேட்க வேண்டும். 2021இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் இது கட்டாயம் என்றது. அறிவிப்பின்றி வழங்கப்பட்ட பிணையை எதிர்க்க இதுவே வலுவான ஆயுதம்.

இரண்டாவது, பிரிவு 4. புகாரைப் பதிய மறுக்கும் அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தண்டனை உண்டு. மறுப்பை எழுத்தில் பெறுவதும், மறுத்தால் உடனே பதிவு அஞ்சலில் மாவட்டக் கண்காணிப்பாளருக்குப் புகார் அனுப்புவதும் இந்தப் பிரிவுக்கு உயிர் கொடுக்கும்.

மூன்றாவது, புகாரின் மொழி. சாதி, இடம், பார்த்தவர்கள், நிலத்துக்கும் சம்பவத்துக்கும் உள்ள தொடர்பு ஆகியவை முதல் புகாரிலேயே இருக்க வேண்டும். முகாந்திரம் தேடப்படுவது அங்கேதான்.

நான்காவது, அரசியல் மன்றம். முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் கண்காணிப்புக் குழு ஆண்டுதோறும் சனவரியிலும் சூலையிலும் கூட வேண்டும் என்கிறது விதி 16. மாவட்டக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்கிறது விதி 17. கூட்டம் நடந்ததா, எத்தனை வழக்குகள் ஆராயப்பட்டன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பதும், வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் அதே கேள்வியை வைப்பதும் நம் கடமை. 2018இல் தெருவில் இறங்கியவர்களின் உழைப்பால் மீண்ட சட்டம் இது. அதைக் காவல் நிலையத்தின் எழுத்தர் மேசையிலும் அமர்வு நீதிமன்றத்தின் பிணை மனு விசாரணையிலும் நாள்தோறும் காக்க வேண்டியுள்ளது.