எந்தத் தாம்சன்?

சில ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். வகுப்புத் தேர்வில் ஒரு மாணவர், "எலெக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே. ஜே. தாம்சன்தான் 1848-இல் தனிவெப்பநிலை அளவுமுறையையும் வகுத்தார்" என்று எழுதியிருந்தார். நானும் கவனியாமல் சரிக்குறி போட்டு, முழு மதிப்பெண்ணும் கொடுத்துவிட்டேன். விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று, பக்கத்தில் இருந்த மாணவி அதை வாங்கிப் படித்துவிட்டு எழுந்தார். "சார், ஜே. ஜே. தாம்சன் பிறந்ததே 1856-இல்தானே?" என்று கேட்டார். தாம் பிறப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அளவுமுறை வகுத்திருக்க முடியுமா? வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மாணவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. இயற்பியல் நூல்களைப் புரட்டிப் பாருங்கள். வெப்பமின்னியலில் 'தாம்சன் விளைவு' என்று ஒன்று வரும். வாயுக்களைக் குளிர்வித்தல் பற்றிய பகுதியில் 'ஜூல்-தாம்சன் விளைவு' வரும். வேறொரு நூல் அதையே 'ஜூல்-கெல்வின் விளைவு' என்று குறிப்பிடும். அணுவைப் பற்றிய பாடத்தில் 'தாம்சன் அணு மாதிரி'. மேல்வகுப்புக்குப் போனால் 'தாம்சன் சிதறல்'. இவற்றில் முதல் இரண்டும் ஒருவருக்கு உரியவை. கடைசி இரண்டும் வேறொருவருக்கு உரியவை. கெல்வின் என்பவரோ முதலாமவரேதான்!

தாம்சன் என்றால் 'தாமஸின் மகன்' என்று பொருள். தாமஸ் என்ற பெயர் பிரிட்டனில் எங்கும் வழங்கியதால் தாம்சன்களும் எங்கும் பெருகினார்கள். அவர்களில் ஒருவரான வில்லியம் தாம்சன் 1824-இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். தந்தைக்குக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் பதவி கிடைக்கவே, குடும்பம் ஸ்காட்லாந்துக்குப் பெயர்ந்தது. பத்து வயதிலேயே அப்பல்கலைக்கழகத்தில் மாணவராகப் பதிந்துகொண்ட வில்லியம், 22-ஆம் வயதில் அங்கேயே பேராசிரியரானார். 1846 முதல் 1899 வரை, 53 ஆண்டுகள், அந்த இருக்கையை விட்டு அவர் நகரவில்லை. தனிவெப்பநிலை அளவுமுறையை 1848-இல் முன்மொழிந்தவர் இவரே. ஜூலுடன் சேர்ந்து, வாயுவை நுண்துளைகளின் வழியே செலுத்திச் சோதனைகள் செய்தவரும் இவரே.

அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பிப் பணியில் ஆற்றிய தொண்டுக்காக 1866-இல் இவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. 1892-இல் பிரபுப் பட்டம் வந்தது. பிரிட்டனில் பிரபுவாகிறவர் தமக்கென ஒரு பட்டப்பெயரைத் தேர்ந்துகொள்வது வழக்கம். அது பெரும்பாலும் ஓர் இடத்தின் பெயராக இருக்கும். கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 1870-இல் புதிய இடத்துக்கு மாறியிருந்தது. அதன் அருகே கெல்வின் என்றொரு சிறிய ஆறு ஓடிக் கிளைடு ஆற்றில் கலக்கிறது. அந்த ஆற்றின் பெயரையே வில்லியம் தாம்சன் எடுத்துக்கொண்டார். ஆக 'கெல்வின்' என்பது அவருடைய பெற்றோர் இட்ட பெயருமன்று, குடும்பப் பெயருமன்று. 67-ஆம் வயதில் ஆற்றங்கரையிலிருந்து கிடைத்த பெயர்! 1892-க்கு முன் அவர் வெளியிட்ட கட்டுரைகளில் தாம்சன் என்றும், பின் வந்தவற்றில் கெல்வின் என்றும் இருப்பது இதனால்தான்.

ஆற்றின் பெயர் அங்கேயும் நிற்கவில்லை. 1954-இல் அது வெப்பநிலை அலகின் பெயராயிற்று. முதலில் 'டிகிரி கெல்வின்' என்றார்கள். 1967-இல் 'டிகிரி'யை நீக்கிவிட்டார்கள். (இன்றும் 300 டிகிரி கெல்வின் என்று எழுதும் மாணவர்கள் கவனிக்க.) நிலாவில் ஒரு முனைக்கும் கெல்வின் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். நிலாவில் ஆறு ஏது?

இங்கே இன்னொரு தாம்சனையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். வில்லியத்துக்கு இரண்டு வயது மூத்த அண்ணன் ஜேம்ஸ் தாம்சன் ஒரு பொறியியல் பேராசிரியர். அழுத்தம் கூடினால் பனிக்கட்டியின் உருகுநிலை குறையும் என்று 1849-இல் கணக்கிட்டுச் சொன்னவர் அவர். அதைச் சோதனையால் உறுதிசெய்தவர் தம்பி. கோணத்தை அளக்க நாம் பயன்படுத்தும் 'ரேடியன்' என்ற சொல்லை உண்டாக்கியவர் அண்ணன்தான். பனிக்கட்டி, நீர், நீராவி மூன்றும் ஒருங்கே சமநிலையில் இருக்கும் நிலைக்கு 'மும்மைப் புள்ளி' என்ற பொருள்தரும் ஆங்கிலப் பெயரை இட்டவரும் அவரே. 1954 முதல் 2019 வரை கெல்வின் என்ற அலகு எதைக்கொண்டு வரையறுக்கப்பட்டது தெரியுமா? நீரின் மும்மைப் புள்ளியைக்கொண்டு: 273.16 கெல்வின். அண்ணன் பெயரிட்ட புள்ளியில்தான் தம்பியின் அலகு 65 ஆண்டுகள் ஊன்றி நின்றது. 2019-இல் போல்ட்ஸ்மன் மாறிலியின் அடிப்படைக்கு அதை மாற்றிவிட்டார்கள். எனக்கு இதில் சிறிது வருத்தமே.

ஜே. ஜே. தாம்சனுக்கு இந்தச் சகோதரர்களோடு உறவு ஏதுமில்லை. அவர் மான்செஸ்டர்க்காரர். கேதோடு கதிர்களை ஆராய்ந்து 1897-இல் எலெக்ட்ரானைக் கண்டறிந்தார். 1906-இல் நோபெல் பரிசு பெற்றார். அவருடைய மகன் ஜி. பி. தாம்சனும் இயற்பியலாரே. எலெக்ட்ரான் ஒரு துகள் என்று தந்தை காட்டினார். அது அலைபோல விளிம்பு விளைவுக்கு உள்ளாகிறது என்று மகன் காட்டி, 1937-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒரே வீட்டில் இரண்டு தாம்சன்கள், ஒரே எலெக்ட்ரானுக்கு இரண்டு முகங்கள்!

தமிழில் படிக்கிற நமக்கு மட்டும் ஏற்படும் ஒரு தொல்லையும் உண்டு. ஆங்கிலத்தில் இந்தப் பெயரை நடுவே 'பி' எழுத்து இல்லாமல் எழுதுவோரும் உண்டு, சேர்த்து எழுதுவோரும் உண்டு. தமிழில் இரண்டுமே தாம்சன்தான். 'பி' உள்ள தாம்சன்களில் முக்கியமானவர் பெஞ்சமின். இவர் அன்று பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த அமெரிக்க மாசசூசெட்ஸில் 1753-இல் பிறந்தார். பிற்காலத்தில் ஜெர்மனியின் பவேரியாவில் அரசுப் பணியாற்றினார். அங்கே பீரங்கிக் குழாய்களைக் குடையும்போது வெப்பம் ஓயாமல் பிறப்பதைக் கண்டு, வெப்பம் என்பது ஒரு பாய்மப் பொருளாக இருக்க முடியாது, அது ஒருவகை இயக்கமே என்று 1798-இல் வாதாடினார். அவரும் பிரபுவானவர்தான். அவர் தேர்ந்த பட்டப்பெயர் ரம்ஃபோர்டு. அது அவர் திருமணம் செய்து வாழ்ந்த நியூ ஹாம்ப்ஷயர் ஊரின் பழைய பெயர். அந்த ஊருக்கு 1765-லேயே கான்கார்டு என்று பெயர் மாறிவிட்டது. ஊர் கைவிட்ட பெயரை ஆள் காப்பாற்றினார். வெப்பவியலில் நீங்கள் படிக்கும் ரம்ஃபோர்டு பிரபு இவரே. ஆகவே வெப்பத்தைப் பற்றிய நம் அறிவுக்கு அடிகோலியவர்களில் இருவர் தாம்சன்கள். இருவருமே இடப்பெயருக்குள் மறைந்துகொண்டவர்கள்.

வானம் நீலமாக இருப்பதற்குக் காரணம் சொன்ன ரேலி பிரபுவின் கதையும் இத்தகையதே. அவருடைய இயற்பெயர் ஜான் வில்லியம் ஸ்ட்ரட்; ரேலி என்பது இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியிலுள்ள ஓர் ஊர். ஆனால் அது பரம்பரைப் பட்டம். அவருக்குப்பின் மகனும் ரேலி பிரபுவானார். அவரும் இயற்பியல் ஆராய்ந்தவர். எனவே 'ரேலி' என்று கண்டால் ஆண்டையும் பாருங்கள். கெல்வின் பட்டத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அவருக்குக் குழந்தைகள் இல்லாததால் 1907-இல் அவரோடு பட்டமும் முடிந்தது.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டனின் கல்லறைக்கு அருகே கெல்வினை அடக்கம் செய்தார்கள். 1940-இல் மறைந்த ஜே. ஜே. தாம்சனின் அஸ்தியும் அங்கேயே அருகில் வைக்கப்பட்டிருக்கிறது. கெல்வினின் விரிவான வாழ்க்கை வரலாறு 1910-இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அதை எழுதியவரும் ஓர் இயற்பியல் பேராசிரியர். பெயர் சில்வேனஸ் தாம்சன். இவர் 'பி' உள்ள தாம்சன்.