நிலத்தடி நீரும் எண்சார் மாதிரியுருக்களும்: ஒரு வரலாற்று நோக்கு

1856இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் ஹென்றி டார்சி, டிஜோன் நகரின் நீர்வழங்கல் பற்றிய தமது நூலில், மணலூடாக நீர் பாயும் வீதம் நீர்மட்ட வேறுபாட்டுக்கு நேர்விகிதசமமானது எனப் பரிசோதனை வாயிலாகக் காட்டினார். 1935இல் அமெரிக்கரான தீஸ், வெப்பக் கடத்தலின் கணிதத்தை இறைப்புக் கிணற்றுக்குப் பொருத்தினார். அவர் 1940இல் வலியுறுத்திய உண்மை, எமது நோக்கில், அதனினும் பெரிது. இறைக்கப்படும் நீர் ஆற்றிலோ, ஊற்றிலோ, நிலத்தடித் தேக்கத்திலோ நேரும் இழப்பினாலேயே ஈடுசெய்யப்படுகின்றது. அவ்விழப்பு எவரைச் சாரும் என்பதைச் சமன்பாடு கூறுவதில்லை.

மாறுபட்ட பாறைப்படைகளைக் கொண்ட பெருநிலப்பரப்புகளுக்குத் தீசின் தீர்வு போதவில்லை. ஆகவே மின்தடைகளையும் கொள்ளளவிகளையும் வலையாகப் பிணைத்து, மின்னழுத்தத்தை நீர்மட்டமாகக் கொள்ளும் ஒப்புமை மாதிரியுருக்கள் எழுந்தன. 1968இல் பிண்டரும் பிரெடஹோஃப்டும் இப்பணிக்கு இலக்கக் கணனியைப் பயன்படுத்தினர். நிலம் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்தினதும் நீர் வரவுசெலவு கணிக்கப்பட்டது. 1984இல் அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவை நிறுவனம் மொட்ஃப்ளோ என்னும் நிரலை ஆக்கியபின் இம்முறை உலகெங்கும் பரவிற்று. (யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போன்று சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடும் குகைகளூடும் நீர் ஓடும் நிலங்களில் டார்சியின் விதியே ஐயத்துக்குரியதாகின்றது என்பதை எம்மவர் மறத்தலாகாது.)

இம்மாதிரியுருக்களின் முன்னறிவிப்புகள் பலித்தனவா? அரிசோனாவின் சோல்ட் ஆற்றுப் பள்ளத்தாக்கை உள்ளடக்கிய பகுதிக்கென அமைக்கப்பட்ட ஒப்புமை மாதிரியுரு இதற்குத் தக்க சான்று. ஏறத்தாழ நாற்பதாண்டுத் தரவுகளோடு அது பொருத்திச் சீர்செய்யப்பட்டது. பின்னர் 1974 வரையிலான நீர்மட்ட வீழ்ச்சியை எதிர்வுகூறிற்று. 1986இல் கொனிக்கோ அதனை மீளாய்ந்தபோது, எதிர்வுகூறலும் நிகழ்ந்ததும் நன்கு ஒத்திசையவில்லை எனக் கண்டார். முப்பரிமாண நிலத்தை இருபரிமாணத்துள் அடக்கியமை ஒரு குறை. எதிர்கால இறைப்பின் அளவும் இடப்பரம்பலும் பற்றிய எடுகோள் பிழைத்தமை மற்றொன்று. முன்னையது அறிவியலாற் திருத்தத்தக்கது. பின்னையதோ பருத்தியின் விலையையும், மின்சாரக் கட்டணத்தையும், நில உடைமையையும் பொறுத்தது. அவற்றிற்கு எந்தக் கட்டத்திலும் இடமில்லை. 1992இல் கொனிக்கோவும் பிரெடஹோஃப்டும் நிலத்தடி நீர் மாதிரியுருக்களை மெய்ப்பிக்க இயலாது என்றே எழுதினர். ஆயினும் மாதிரியுருவைப் புறக்கணிப்போருடன் நாம் உடன்படோம். எடுகோளை வெளிப்படையாக எழுதிவைக்குமாறு அதுவன்றோ எம்மை நிர்ப்பந்திக்கின்றது.

அரிசோனாவில் அவ்வெடுகோளைச் சட்டமே மாற்ற முற்பட்டது. 1980இன் நிலத்தடி நீர் முகாமைச் சட்டம், குறித்த பகுதிகளிற் புதிய நிலங்களுக்குப் பாசனம் விரிவதைத் தடுத்தது. முன்னரே இறைத்து வந்தோரின் உரிமைகளையும் அதே சட்டம் காத்துக் கொடுத்தது.