இலங்கைத் தொலைத்தொடர்புச் சந்தை

1989இல் செல்டெல் தொடங்கிய கைத்தொலைபேசிச் சேவையோடு இலங்கையின் நடமாடும் தொலைபேசிச் சந்தை பிறந்தது. 1991ஆம் ஆண்டுச் சட்டம் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட, 1997இல் ஸ்ரீலங்கா டெலிகொம்மின் 35 விழுக்காட்டுப் பங்கை ஜப்பானின் என்டிடி வாங்கியது. 2009இல் எயார்டெல் வந்ததும் ஐந்து நிறுவனங்கள் மோதிக்கொண்டன. கட்டண வெட்டு கட்டுமீறவே, 2010இல் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அழைப்புகளுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் விதிக்க நேர்ந்தது. அந்த விலைப்போர் பாவனையாளருக்குப் பொற்காலம், இலாபத்துக்கு அல்ல.

அதன்பின் நடந்தது ஒருங்கிணைவே. செல்டெல், டிகோவாகி, எடிசலாட்டாகி, 2018இல் ஹட்சுடன் கலந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் ரூபாய் சரிந்ததும் டொலரில் வாங்கும் கருவிகளின் செலவு ஏறியது. கோபுரங்களை இயக்க டீசல் கிடைப்பதே பெரும்பாடாயிற்று, கட்டணங்கள் உயர்ந்தன. 2024இல் எயார்டெல் லங்கா டயலொக்குடன் இணைய, டயலொக், எஸ்எல்டி-மொபிடெல், ஹட்ச் என மூவர் மட்டுமே எஞ்சினர். மூவர் சந்தையில் விலைப்போர் அரிது. முதலீட்டுக்கு அது வசதி, பாவனையாளருக்கு அவ்வளவாக இல்லை.

மூவருள் ஒன்றான எஸ்எல்டி-மொபிடெலை நடத்தும் ஸ்ரீலங்கா டெலிகொம்மில் தனக்குள்ள ஏறத்தாழ 49.5 விழுக்காட்டுப் பங்கை விற்கும் திட்டத்தை அரசு 2024 ஆட்சிமாற்றத்தின் பின் கைவிட்டது. மற்றொரு பெரும்பங்கு, யாழ்ப்பாண வேர்கொண்ட, 2024இல் மறைந்த மலேசியச் செல்வந்தர் ஆனந்த கிருஷ்ணனின் குழுமத்தைச் சேர்ந்தது. 2025இல் ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவையும் வந்தது. ஆனால் அதன் கட்டணம் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது; கம்பி எட்டாத மலையகத்திலும் விடுதிகளிலுமே அதற்கு இடமுண்டு.