கர்ணத்தின் கணக்கும் ஊராட்சியின் காசோலையும்

1980 நவம்பரில் தமிழக அரசு பிறப்பித்த ஓர் அவசரச் சட்டத்தால் ஊர்தோறும் இருந்த கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒரே நாளில் இல்லாமற்போயின. எம்.ஜி.ஆர். ஆட்சியின் சாதனைகளைப் பேசுவோர் பெரும்பாலும் 1982-இன் சத்துணவுத் திட்டத்தோடு நிறுத்திக்கொள்வர். கிராமத்தின் அதிகார அமைப்பை இந்த அவசரச் சட்டத்தைப்போல உலுக்கிய ஆணை, விடுதலைக்குப் பிந்தைய தமிழக வரலாற்றில் வேறொன்று இல்லை என்பது என் கணிப்பு. ஆயினும் அது தொடங்கிவைத்த காரியம் பாதிவழியில் நின்றுவிட்டது. கர்ணம் போனார், அவர் கையிலிருந்த கணக்கு எங்கே போயிற்று என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இன்றைய இளைய வாசகர்களுக்குக் கர்ணம் என்ற சொல்லே அந்நியமாகத் தோன்றலாம். ஊருக்கு ஊர் கணக்குப்பிள்ளை என்றும் கணக்கன் என்றும் அழைக்கப்பட்டவர் அவர். கிராம முன்சீப் எனப்பட்ட மணியக்காரர் கிஸ்தி வசூலிப்பார். தலையாரி காவல் பார்ப்பார். வெட்டியான் ஏவலுக்கு ஓடுவார். நீர்க்கட்டி மடை திறப்பார். இவர்கள் அனைவரின் வேலையையும் எழுத்தில் நிறுத்துபவர் கர்ணம். எந்தப் புலம் யாருடையது, என்ன பயிர், எவ்வளவு தீர்வை, எது சாவி, எது புறம்போக்கு என்பன அவரது அடங்கலிலும் சிட்டாவிலும்தான் இருந்தன. படிக்கத் தெரியாத குடியானவனுக்குத் தன் நிலம் தன்னுடையதா என்பதைச் சொல்லவேண்டியவரும் அவரே. 'கணக்கன் கணக்கறிவான், தன் கணக்கைத் தானறியான்' என்ற பழமொழியில் குடியானவனின் கசப்பான சிரிப்பு ஒலிக்கிறது.

இந்த எழுத்துக்கு இத்தனை வலிமை எப்படி வந்தது என்பதை அறிய, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண அதிகாரிகளிடையே நடந்த ஒரு விவாதத்துக்குச் செல்லவேண்டும். ஒருபுறம் எல்லிஸ். குறளை மொழிபெயர்த்தவராக நம் இலக்கிய வாசகர்கள் அறிந்த அதே எல்லிஸ் துரைதான். சென்னைக் கலெக்டராக இருந்த அவர், மிராசு உரிமை பற்றிய தம் ஆய்வை 1818-இல் வெளியிட்டார். தொண்டை மண்டலத்து ஊர்களில் நிலம் மிராசுதாரர்களின் கூட்டு உரிமையாக இருந்ததை அவர் கண்டார். மறுபுறம் தாமஸ் மன்றோ. 1792-க்குப் பின் பாராமகாலில், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில், ரீட் துரையின்கீழ் பணிபுரிந்து நில அளவையும் தீர்வையும் கற்றவர். அரசு ஒவ்வொரு குடியானவனோடும் நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ளவேண்டும் என்பது அவர் கட்சி. எல்லிஸ் 1819-இல் இராமநாதபுரத்தில் மறைந்தார். அடுத்த ஆண்டு மன்றோ சென்னை கவர்னரானார். ரயத்துவாரி மாகாணத்தின் பொதுமுறையாயிற்று.

ஊர் மொத்தமாக வரி கட்டும் முறையில் கணக்கன் ஊராருக்கு வேண்டிய ஓர் எழுத்தன். புலம் புலமாக, ஆள் ஆளாக வரி விதிக்கும் முறையிலோ அவனது ஏடே அரசின் கண். கும்பினி அதிகாரிக்குத் தமிழ்க் கையெழுத்து புரியாது, நிலமும் தெரியாது. ஆண்டுதோறும் ஜமாபந்தியில் அமர்ந்து கர்ணம் எழுதியதைச் சரிபார்க்கலாமே ஒழிய, அவன் எழுதாமல் விட்டதைக் கண்டுபிடிப்பது அரிது.

1816-இன் ஒழுங்குமுறைச் சட்டங்கள் மணியக்காரருக்குச் சிறு வழக்குகளைத் தீர்க்கும் உரிமையையும் காவல் பொறுப்பையும் அளித்தன. அவற்றுள் பதினோராவது சட்டத்தில் ஒரு விதி உண்டு. சிறு குற்றம் செய்தவர் தாழ்ந்த சாதியினராயின் அவரை ஆறு மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டிவைக்கக் கிராமத் தலைவர் ஆணையிடலாம். பிற சாதியினருக்கு அந்த இழிவு இல்லை. சாதி வழக்கத்தைக் கும்பினி கண்டும் காணாமல் விட்டது என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. இங்கே அதைச் சட்டமாக அச்சடித்தே கொடுத்திருக்கிறது. வரி வசூல் எவ்வாறு நடந்தது என்பதற்கு 1855-இல் வெளிவந்த சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை சாட்சி. விரல்களை நெரிக்கும் கிட்டி முதலிய கொடுமைகளை வருவாய்த் துறையின் கீழ்மட்ட ஊழியர்கள் கையாண்டதை அது பதிவு செய்தது.

1895-இன் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் இந்த அமைப்புக்குக் கடைசி ஆணியை அடித்தது. பதவி தகப்பனுக்குப்பின் மகனுக்கு என்பது வழக்கமாக இருந்தது போய்ச் சட்ட உரிமையாயிற்று. அரசியலமைப்பு வந்து பத்தாண்டுகள் கழித்தே இதற்கு முதல் அடி விழுந்தது. ஆந்திரத்துக் குண்டூர்ப் பகுதியில், முன்சீப் பதவிக்கு அதிகாரி தேர்ந்தெடுத்த ஒருவரை விலக்கிப் பழைய முன்சீப்பின் மகனை அமர்த்தியதை எதிர்த்து வழக்கு எழுந்தது. 1960 டிசம்பரில், பிறப்பின் அடிப்படையில் அரசுப் பதவியில் பாகுபாடு கூடாதென உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் அச்சட்டம் 1968-இல் நீக்கப்பட்டது. ஆனாலும் பகுதிநேர ஊழியர் என்ற பெயரில் பழைய குடும்பங்களே பல ஊர்களில் நீடித்தன. 1980-இன் அவசரச் சட்டத்துக்கு இதுதான் பின்னணி. அடுத்த ஆண்டு அது முறையான சட்டமாயிற்று. 1982-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. ஆந்திரத்தில் என்.டி.ராமராவ் 1984-இல் இதே வழியைப் பின்பற்றினார்.

கிராமத்தில் அரசு என்பது வருவாய்த் துறை ஒன்றுமட்டுமல்ல. ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டுத் தீர்மானத்திலிருந்து இன்னொரு கிளை புறப்படுகிறது. 1884-இன் தல வாரியச் சட்டம், 1920-இன் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம், 1950-இலும் 1958-இலும் வந்த சட்டங்கள், காமராசர் ஆட்சியில் 1960 முதல் கட்டங்கட்டமாக அமைந்த ஊராட்சி ஒன்றியங்கள் என்று அது வளர்ந்தது. விளக்கும் குடிநீரும் பாதையும் சுகாதாரமும் இக்கிளைக்கு வந்தன. நிலமும் நிலத்தின் எழுத்தும் கலெக்டர், தாசில்தார், கர்ணம் என்ற மற்றக் கிளையிலேயே தங்கிவிட்டன. ஒரே ஊரில் இரண்டு அரசுகள். ஒன்றுக்கு வாக்கு உண்டு, ஏடு இல்லை. மற்றதற்கு ஏடு உண்டு, வாக்கு இல்லை.

உத்திரமேரூரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளை மேடைதோறும் 'உலகின் முதல் ஜனநாயகம்' என்று முழங்குகிறோம். அது ஒரு பிரமதேயச் சபை. கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையும் உடைய, வேதம் பயின்ற ஆடவர்க்கே குடவோலையில் பெயர் இடம்பெற்றது. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே இடமில்லை. ஆகவே அந்த முழக்கத்தைச் சற்றுத் தணித்துக்கொள்வது நல்லது. என் கவனத்தைக் கவர்வது அக்கல்வெட்டின் பிற்பகுதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரலாகாது. ஊர்க்கணக்கு எழுதுபவன் தான் எழுதிய கணக்கைத் தானே சபையின் பெருமக்களிடம் காட்டவேண்டும். அவர்கள் அவனைத் தூயவன் என ஏற்கும்வரை அவனுக்கு மறுபடி அப்பணி இல்லை. கணக்கன் பதில் சொல்லவேண்டிய இடம் ஊருக்குள்ளேயே இருந்தது. மன்றோவின் ஏற்பாட்டில் அந்த இடம் தாலுகா கச்சேரிக்குப் போயிற்று. கணக்கனின் சாதியையும் பரம்பரையையும் 1980 மாற்றியது. அவன் யாருக்குப் பதில் சொல்வது என்பதை அது தொடவில்லை.

கர்ணத்தின் இடத்துக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர் தேர்வாணையத்தின் வழியே வருபவர். எந்தச் சாதியினரும் வரலாம். பெண்களும் பெருமளவில் வந்தனர். ஒரு தலித் இளைஞர் ஊரின் அடங்கலை எழுதுவதும், முன்னாள் மிராசுதாரர் சான்றிதழுக்காக அவர்முன் நிற்பதும் சாதாரணக் காட்சிகளாயின. இதைச் சிறிய மாற்றமென்று யார் சொன்னாலும் ஏற்கமாட்டேன். ஆனால் இதே ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்தது. மக்கள் யூ.டி.ஆர். என்று சொல்லும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் 1979 முதல் 1987 வரை நடைபெற்று, நிலப்பதிவுகள் புதிதாக எழுதப்பட்டன. ஊரின் உட்பிரிவுகளை மனப்பாடமாக அறிந்த பழைய கணக்கர்கள் பாதியில் வெளியேறினர். ஊரறியாத புதியவர்கள் ஏட்டை ஏற்றனர். விடுபட்ட பெயர்கள், இடம் மாறிய உட்பிரிவுகள், புறம்போக்காகிப்போன பட்டா நிலங்கள் என அக்காலப் பிழைகள் இன்றும் கோட்டாட்சியர் அலுவலகங்களில் வழக்குகளாக நடக்கின்றன. இப்போது சிட்டாவும் அ-பதிவேடும் கணினித் திரையில் யாருக்கும் கிடைக்கின்றன. காணக் கிடைக்கும் பிழையைத் திருத்தக் கிராமத்தில் வழியில்லை, மேலேதான் போகவேண்டும்.

மறுகிளையில் 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. பதினோராவது அட்டவணையில் 29 பொருள்கள் அடுக்கப்பட்டுள்ளன. முதற்பொருளிலேயே வேளாண்மையும், அடுத்ததில் நிலச்சீர்திருத்தமும் உள்ளன. நடைமுறையோ வேறு. மேய்க்கால், களம், சுடுகாடு, மந்தை, தோப்பு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு ஊராட்சிக்கு உண்டு. அவற்றை ஒருவர் வளைத்துக்கொண்டால் பி-மெமோ எழுதுபவர் கிராம நிர்வாக அலுவலர். 1905-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியேற்றுபவர் வருவாய்த் துறையார். இதைவிட நுட்பமானது, தலைவரை நீக்கும் 205-ஆம் பிரிவு. ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் கலெக்டர் தலைவருக்கு விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்புவார். உறுப்பினர்களின் கருத்தறியக் கூட்டத்தைக் கூட்டுபவர் தாசில்தார். வாக்குப்பெற்ற கிளையின் தலைவரை விசாரிக்க, ஏடு வைத்திருக்கும் கிளையே நீதி மன்றமாக வருகிறது.

காசோலையிலும் இப்படியொரு முடிச்சு உண்டு. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் கூட்டாகக் கையெழுத்திட வேண்டும். முறைகேட்டைத் தடுப்பதற்கென வந்த விதி இது. தலைவர் பதவி தலித்துக்கோ பெண்ணுக்கோ ஒதுக்கப்பட்ட ஊர்களில், ஆதிக்க சாதியைச் சேர்ந்த துணைத்தலைவர் கையெழுத்திட மறுத்தே ஊராட்சியை முடக்கிவிட முடிகிறது. இதற்கு வன்முறையே தேவையில்லை. வன்முறை தேவைப்பட்ட இடங்களும் உண்டு. மதுரை மாவட்டம் மேலவளவில் ஒதுக்கீட்டில் தலைவரான முருகேசன் 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் ஊர் திரும்புகையில் தம்மவர் ஐவரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் தலித் தலைவர் எவரும் நிலையாகப் பொறுப்பேற்க முடியவில்லை. வேட்புமனு இராது, இருந்தாலும் வென்றவர் உடனே விலகுவார். 2006 அக்டோபரில்தான், உதயச்சந்திரன் மதுரைக் கலெக்டராக இருந்த காலத்தில், அங்கே முறையாகத் தேர்தல் நடந்தது.

இந்த இடத்தில் என் வாதத்துக்கே ஓர் இடையூறு எழுகிறது. கீரிப்பட்டியில் தேர்தலைச் சாத்தியமாக்கியது ஊரல்ல, கலெக்டர். நிலக்கணக்கை ஊராட்சியிடம் ஒப்படைத்திருந்தால் அந்தப் பத்தாண்டுகளில் தலித்துகளின் பட்டாக்கள் என்னவாகியிருக்கும்? 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைக் குடியரசின் அடிப்படை அலகாக ஏற்க மறுத்ததை, காந்தியர்கள் வருத்தத்தோடு குறிப்பிடுவர். தொழுமரம் இருந்த ஊரிலிருந்து பார்த்தால் அவர் சொன்னதில் தவறு காண்பது கடினம். ஆகவே ஏட்டை அப்படியே கைமாற்றுவது என் கோரிக்கையன்று. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அடங்கலும் புறம்போக்குப் பட்டியலும் கிராமசபையில் உரக்கப் படிக்கப்படவேண்டும். எழுதியவர் அங்கே நின்று பதில் சொல்லவேண்டும். ஏடு கச்சேரியிலேயே இருக்கட்டும்.

இது இல்லாததால் நேரும் இழப்பைக் காண ஓர் ஏரிக்கரைக்குப் போனால் போதும். நூறு ஏக்கருக்கு மேல், அதாவது 40 ஹெக்டேருக்கு மேல், ஆயக்கட்டு இருந்தால் அந்த ஏரி நீர்வளத் துறையுடையது. குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துடையது. ஏரி நிலத்தின் கணக்கு வருவாய்த் துறையிடம். வண்டல் அள்ள இசைவு தருவோர் வேறு. வரத்துக்கால் அடுத்த ஊரின் எல்லையில். 1858-இலேயே குடிமராமத்துக்கு வராதவரைத் தண்டிக்கச் சென்னை அரசு ஒரு சட்டம் இயற்றியது. ஊரார் தாமாக வந்துகொண்டிருந்தால் சட்டம் எதற்கு? 2017-இல் குடிமராமத்து என்ற பெயர் அரசுத் திட்டமாகத் திரும்பி வந்தது. மதகு உடைந்தால் உழவன் முதலில் போய்ச் சொல்வது ஊராட்சித் தலைவரிடம். பல ஏரிகளில் அவருக்கு அதைத் தொடும் அதிகாரமே இல்லை.

இரு கிளைகளின் தொடர்ச்சியிலும் எத்தனை வேறுபாடு! ஊராட்சித் தேர்தல் 1970-க்குப் பின் 1986-இல் நடந்தது, அதற்கடுத்தது 1996-இல். 2016-இன் தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, 2019 டிசம்பர் வரை ஊர்களைத் தனி அலுவலர்கள் ஆண்டனர். அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. காசோலைக் கையெழுத்து மறுபடி தனி அலுவலர்களிடம் போயிற்று. அவ்வாண்டு மே மாதம் தாலுகா அலுவலகங்களில் பசலி 1434-க்கான ஜமாபந்தி வழக்கம்போல் கூடியது.